மரம் விழுந்து பாதிக் கொட்டகை போய்விட்டது: ஆடுகளை இப்போதைக்கு எங்கே அடைப்பது?

நவம்பர் 9, இரவு: வந்த கேள்வி

காற்றில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஆட்டுக் கொட்டகையின் பாதியை அமுக்கிவிட்டது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிதும் சிறிதுமாகப் பதினான்கு. அதில் இரண்டு சினை, ஒரு கிடாய், நான்கு குட்டி. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நான்கு பக்கமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி உள்ளே அடைத்துவிடு, இல்லையென்றால் குளிரில் செத்துவிடும் என்கிறார்கள். கொட்டகையைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. அதுவரை தார்ப்பாய் போதுமா?

நவம்பர் 9, இரவு

நான்கு பக்கமும் மூட வேண்டாம். தலைக்கு மேல் ஒழுகாத கூரை, காலுக்குக் கீழே காய்ந்த தரை, காற்று அடிக்கும் பக்கம் ஒரு மறைப்பு. இவை மூன்றும் இருந்தால் வளர்ந்த ஆடு குளிரைத் தாங்கிக்கொள்ளும். ஈரத்தில் நிற்கவைத்துவிட்டு எத்தனை தார்ப்பாய் சுற்றினாலும் பயனில்லை.

இன்று ராத்திரி எதையும் கட்ட உட்காராதீர்கள். வண்டி நிறுத்தும் இடம், திண்ணை, விறகு அடுக்கும் கொட்டகை என்று காய்ந்த இடம் எது இருந்தாலும் அங்கே ஓட்டிவிடுங்கள். நெருக்கியடித்துப் படுத்தாலும் ஓர் இரவுக்குத் தாங்கும். நிற்கிற பாதிக் கொட்டகைதானே என்று அதற்குள் மட்டும் விடாதீர்கள். பாரம் மாறிப்போன விட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. மண் ஊறியிருக்கிறது, மரமும் இன்னும் கொஞ்சம் அழுந்தலாம்.

கிடாயைத் தனியாகக் கட்டுங்கள். பயந்துபோன மந்தையில், சின்ன இடத்தில், சினை ஆட்டை முட்டினால் கரு கலையும்.

நவம்பர் 9, இரவு, கொஞ்ச நேரம் கழித்து

அவசரத்தில் மின்கம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மரத்தோடு கம்பி ஏதாவது அறுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்து எட்ட நின்று பாருங்கள். கொட்டகைக்கு விளக்குப் போட்டிருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். தெருக்கம்பி என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். ஈரத்தரையில் நான்கு காலில் நிற்கும் விலங்குக்கு, நமக்கு உறைக்காத மின்கசிவுகூட உயிருக்கே வினையாகிவிடும்.

நவம்பர் 10, காலை

சரி, விடிந்துவிட்டது. இனி ஒரு வாரமோ ஒரு மாதமோ நிற்கிற மாதிரி ஒன்று கட்டலாம்.

இடம்தான் பாதி வேலை. மேடாக இருக்க வேண்டும். எங்கே மேடு என்று கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட, நேற்றைய மழைத் தண்ணீர் எந்த வழியில் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சருகும் மண்ணும் கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே கட்டுங்கள். இன்னொரு மரத்தடி வேண்டவே வேண்டாம். ஒரு மரத்தைச் சாய்த்த காற்று பக்கத்து மரத்தின் வேரையும் அசைத்திருக்கும். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் புது வெடிப்போ ஒரு பக்கம் மண் தூக்கினாற்போலவோ இருந்தால் அது அடுத்து விழப்போகிற மரம். மேலே முறிந்து, கீழே விழாமல் கிளையிலேயே சிக்கித் தொங்கும் கொம்புகளையும் அண்ணாந்து பாருங்கள். காற்று நின்ற பிறகும் நாள்கணக்கில் தொங்கிவிட்டுத் திடீரென்று இறங்கும்.

அளவு: வளர்ந்த ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர், சினைக்கு அதைப்போல ஒன்றரை மடங்காவது, குட்டிக்கு அதில் கொஞ்சம் போதும். உங்கள் பதினான்கு உருப்படிக்கு நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் என்றால் நெருக்கடி இல்லாமல் படுக்கும். கிடாய்க்குத் தனி மூலை தடுத்தாலும் போதும்.

கூரையை ஒரு பக்கச் சாய்வாகப் போடுங்கள். உயர்ந்த பக்கம் நீங்கள் நிமிர்ந்து நிற்கிற உயரம், தாழ்ந்த பக்கம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. தாழ்ந்த பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். கம்புகளை ஊறிய மண்ணில் குறைந்தது இரண்டடி இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டுக் கெட்டியாக இடியுங்கள். மேலே கயிறு கட்டி அதன்மேல் தார்ப்பாய் விரிப்பது வேலையாகாது, கயிறு தொய்ந்துவிடும். கழிதான் வேண்டும், அதுவும் நெருக்கமாக, இரண்டடிக்கு ஒன்று.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தார்ப்பாய்க் கூரையைச் சாய்ப்பது பெரும்பாலும் காற்று அல்ல, தேங்கும் தண்ணீர். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 200 லிட்டர், அதாவது 200 கிலோ. கொஞ்சம் தொய்கிறது, தண்ணீர் சேர்கிறது, அந்தப் பாரத்தில் இன்னும் தொய்கிறது, இன்னும் சேர்கிறது. என் கொட்டிலில் ஒரு மழை இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது நீலத் தார்ப்பாய் ஆட்டின் முதுகைத் தொடுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஓர் ஆடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கம்பால் கீழிருந்து தூக்கித் தண்ணீரை வடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தார்ப்பாயின் ஓரத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் நம்பிக் கட்டினால் இரண்டாம் காற்றில் கிழிந்துவிடும். வளையத்துக்கு ஒரு சாண் உள்ளே, வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுத்துக் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும், கிழியாது. கூரைக்கு உயர்ந்த பக்கம் ஓர் அடி தார்ப்பாய் கூடுதலாக நீளட்டும், சாரலுக்கு.

சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். கூரையைவிட இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நவம்பர் 10, மதியம்

படம் பார்த்தேன். நிற்கிற சுவரில் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக நானே அதைத்தான் சொல்வேன், பாதி வேலை மிச்சம். ஆனால் உங்கள் சுவரின் மேல்மூலையிலிருந்து வாசல்கால் வரை சாய்வாக ஒரு விரிசல் இறங்குகிறது. அதில் கயிற்றைக் கட்டினால் ஒவ்வொரு காற்றுக்கும் தார்ப்பாய் பாய்மரம்போலச் சுவரை இழுக்கும். அந்தச் சுவரின் உயரம் எவ்வளவோ அந்தத் தூரத்துக்கு அப்பால் தனியாக நிறுத்துங்கள்.

நவம்பர் 10, இரவு

"அடைக்காவிட்டால் செத்துவிடும்" என்று ஓர் அண்ணன் திரும்பவும் எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

ஆட்டின் வயிற்றில் தழையும் வைக்கோலும் நொதிக்கும்போது உள்ளேயே சூடு பிறக்கிறது. காய்ந்த மயிரும் நிறைந்த வயிறும் உள்ள ஆட்டுக்கு அதுவே கணப்பு. அதனால்தான் குளிர்காலத்தில் தவிடு, பிண்ணாக்கு மாதிரி அடர்தீவனத்தைவிட, பொழுது சாய்கிற நேரத்தில் வைக்கோலோ காய்ந்த புல்லோ தாராளமாகப் போடச் சொல்கிறார்கள். நார்த்தீவனம் மெதுவாக நொதித்து ராத்திரி முழுக்கச் சூடு தரும்.

மூடிய தார்ப்பாய்க்குள் என்ன நடக்கிறது? பதினான்கு ஆட்டின் மூச்சும் மூத்திரமும். ஈரம் தார்ப்பாயின் உள்பக்கம் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலையில் ஆடுகளின் மேலேயே சொட்டும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நுரையீரலின் உள்தோலை அரிக்கும். மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் கிருமிகள் அதற்குப் பிறகுதான் நெஞ்சுக்குள் இறங்குகின்றன. மழைக்குப் பிறகு வருகிற நிமோனியாவில் பாதி இப்படி வருவது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

சோதிக்கக் கருவி வேண்டாம். விடியற்காலையில் உள்ளே போய், படுத்திருக்கும் ஆட்டின் தலை உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சை இழுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது. கண் கரித்தால், மூக்கு உறைத்தால், அந்த ராத்திரி முழுக்க ஆடு அதைத்தான் சுவாசித்திருக்கிறது. மேலே ஒரு முழம் திறந்துவிடுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில்கூட மறைப்பு ஆட்டின் தலை உயரத்துக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் திறந்தே இருக்கட்டும்.

உள்ளே கனல் சட்டி வைப்பதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். வைக்கோல், தார்ப்பாய், துள்ளும் குட்டி, நெருப்பு. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 10, நள்ளிரவு

படுத்த பிறகு தோன்றியது. அண்ணன் சொன்னதில் குட்டிகளைப் பொறுத்தவரை நியாயம் இருக்கிறது. மேலே நான் எழுதியதெல்லாம் வளர்ந்த ஆட்டுக்கு. பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குட்டிக்கு இரைப்பை இன்னும் நொதிக்கும் நிலைக்கு வரவில்லை, உள்ளே கணப்பு கிடையாது. அதற்குக் காற்றே படாத பொந்து ஒன்று வேண்டும். கொட்டிலின் மூலையில் பெரிய மரப்பெட்டியையோ கவிழ்த்த பீப்பாயையோ வைத்து, குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு வாய் விட்டு, உள்ளே வைக்கோலை அடைத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தாமே சூடாக்கிக்கொள்ளும். பெரிய ஆடுகளுக்கு நடுவில் குட்டியைப் போட்டால் நெரிசலில் மிதிபடும்.

நவம்பர் 11, காலை

தரைக்கு மரப்பலகைத் தட்டுகள் கிடைத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். லாரியில் சரக்கு அடுக்குகிற பேலட்தானே? நல்ல பொருள், தரையிலிருந்து அரை அடி தூக்கிவிடும். ஆனால் அதன் இடைவெளி ஆட்டுக்காலுக்கு ஆகாது. ஆடு நிற்கச் சட்டம் அடித்துப் பரண் போடுகிறவர்கள் சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விடமாட்டார்கள், குட்டிக்கு அதைவிடக் குறைவு. பேலட்டில் மூன்று விரல் உள்ளே போகும். குளம்பு இறங்கி, ஆடு பயந்து திமிறினால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிடும். இடையில் வேறு சட்டம் அடியுங்கள். இல்லாவிட்டால் பழைய பலகை போட்டு மேலே வைக்கோல் பரப்புங்கள். ஆணித்தலை தூக்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

ஆணி என்றதும் நினைவு வருகிறது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, இடிந்த கொட்டகையைச் சுற்றித் தரையோடு இழுத்துக்கொண்டே நடங்கள். முதல் சுற்றிலேயே உள்ளங்கை நிறையத் துருப்பிடித்த ஆணி ஒட்டும். குளம்பில் ஏறும் துருப்பிடித்த ஆணி மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே காற்றுப் படாத ஆழத்தில் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் கிருமி வளரும். விறைத்துப்போன ஆட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம். குத்துக்காயம் பட்ட ஆடு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டி ஊசி கேளுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைந்த துண்டுகளை அறுக்கவோ பெருக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையிலேயே முழுதாக எடுத்து ஒதுக்குங்கள். தூசிதான் ஆபத்து.

நவம்பர் 11, மாலை

விழுந்த மரத்தின் தழையைப் போடலாமா? இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது.

ஆடுகளைக் கேட்டால் உடனே போடு என்று சொல்லும். எட்டாத உயரத்தில் இருந்த கொழுந்தெல்லாம் மூக்கடியில் வந்து விழுந்திருக்கிறது. என் ஆடுகள் சாய்ந்த மரத்தின்மேல் வரிசையாக ஏறி நின்று தின்றதை இப்போதும் மறக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம் அவற்றுக்கு.

வழக்கமாகத் தின்னும் மரம்தான் என்றால் போடுங்கள், ஆனால் அளந்து போடுங்கள். திடீரென்று வயிறு புடைக்கத் தின்றால் உப்புசம் வரும். முதலில் வைக்கோலைக் கொடுத்துவிட்டுப் பிறகு தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் பாதியை மிதித்து மூத்திரம் பெய்து வீணாக்கும், அதோடு புழுக்கையில் இருக்கும் புழு முட்டையும் சேர்ந்து உள்ளே போகும்.

பழக்கமில்லாத மரம் என்றால் தொடவே வேண்டாம். அரளி பச்சையானாலும் காய்ந்தாலும் நஞ்சு, சில இலைகளே ஓர் ஆட்டைக் கொல்லும். செர்ரி, பிளம், பீச் வகை மரங்களின் இலை வாடும்போது அதில் சயனைடு உருவாகும், பச்சையைவிட வாடியது மோசம். மரவள்ளித் தழையிலும், இளம் சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டு. புயல் மரத்தை மட்டுமா முறிக்கும், வேலியையும் பிய்த்துவிடுகிறது. ஆடு எங்கே போய் எதைக் கடித்தது என்று தெரியாமல் போவதுதான் இந்த நாட்களில் பெரிய பயம். அதனால் கூரைக்கு முன்பே வேலியை ஒரு சுற்றுப் பாருங்கள் என்பேன்.

நவம்பர் 12, காலை

மரத்தை நீங்களே அறுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. கொட்டகைமேல் கிடக்கும் மரம் தரையில் கிடக்கும் மரம் மாதிரி இல்லை. வில் வளைந்த மாதிரி ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அமுங்கியும் கிடக்கும். தப்பான பக்கத்தில் வாள் பட்டால் தண்டு உதைத்துக்கொண்டு எழும். பிடுங்கிய வேரோடு இருக்கும் அடிமரமோ, மேல்பாரம் குறைந்ததும் குழிக்குள் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். பின்னால் யாராவது நின்றால் அவ்வளவுதான். தெரிந்த ஆளை வையுங்கள். அவர் வரும்வரை ஆடுகளையும் குழந்தைகளையும் அந்த வேர்க்குழிப் பக்கம் விடாதீர்கள்.

மெல்லிய கிளைகளை வெட்டி எடுத்துக்கொள்வதில் தடையில்லை. கழிக்கு அலைய வேண்டாம், உங்கள் புதுக் கொட்டிலுக்கு வேண்டிய அத்தனை கழியும் அந்த மரத்திலேயே இருக்கிறது. பட்டையைச் சீவிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் ஆடு கடித்துக் கடித்து உரித்துவிடும்.

நவம்பர் 12, இரவு

குட்டி ஒன்று சுருண்டு கிடக்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வாய்க்குள் விரலை விடுங்கள். நல்ல குட்டியின் வாய் வெதுவெதுவென்று இருக்கும், விரலைச் சப்பும். ஆட்டின் உடல் வெப்பம் நம்மைவிடக் கூட, 38.5 முதல் 40 டிகிரி வரை. வாய் சில்லென்று இருந்து, சப்பவும் இல்லை என்றால் உடம்பு உள்ளே குளிர்ந்துவிட்டது. அந்த நிலையில் பாலை வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாமல் பால் நுரையீரலுக்குப் போகும்.

முதலில் சாக்கால் மயிரை எதிர்ப்பக்கமாகத் துவட்டி முழுக்கக் காயவையுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணையுங்கள், கழுத்துவரை போர்த்துங்கள். வாய் சூடேறித் தலையைத் தானே தூக்கிய பிறகு தாய்ப்பால், கொஞ்சம் கொஞ்சமாக. பிறந்து சில மணி நேரத்துக்கு மேல் ஆன குட்டியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருக்கும், சூடேற்றுவதற்கு முன்பே குளுக்கோஸ் ஊசி தேவைப்படலாம். அதனால் ஒரு பக்கம் துவட்டிக்கொண்டே மறுபக்கம் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

நவம்பர் 13, விடியற்காலை

எழுந்து பால் குடித்தது என்ற செய்தி பார்த்தேன். நிம்மதி. இன்றைக்கு முழுவதும் அதைப் பொந்திலேயே வைத்திருங்கள்.

நவம்பர் 14

"பக்கத்துக்காரர் கொட்டகையில் இடம் தருகிறார், அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாமே" என்று ஓர் அக்கா கேட்கிறார்கள். நல்ல மனசு அவருக்கு. ஓர் இரவு உயிரைக் காக்க என்றால் போங்கள். நாள்கணக்கில் என்றால் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன்.

முட்டிக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நோய்தான் பெரிது. ஆட்டுக்கொல்லி நோய், பிபிஆர் என்கிறார்களே, அது மூச்சிலும் சளியிலும் பரவுகிறது. மாட்டை வாரிக்கொண்டுபோன வெக்கை நோயின் உறவுக்கிருமி. வெக்கை நோய் 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது. இதை 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக அளவில் இலக்கு வைத்து வேலை நடக்கிறது. அதுவரை தடுப்பூசிதான் துணை. இரண்டு மந்தைக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பேசிக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் நடுவில் தடுப்பு, தனித் தண்ணீர்த் தொட்டி, தனித் தீவனக் கூடை. மூக்கோடு மூக்கு உரசாத தூரம் வேண்டும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் எது தெரிந்தாலும் அன்றைக்கே பிரியுங்கள்.

நவம்பர் 15

புதுக் கொட்டிலுக்குள் ஆடு நுழைய மறுக்கிறதாமே. தார்ப்பாய் படபடப்பதுதான் காரணமாக இருக்கும். தொங்கும் ஓரத்தை எல்லாம் கழியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். கழுத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள். எந்தப் பெட்டை முன்னே போனால் மற்றவை பின்னால் வருகின்றன என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை மட்டும் தழையைக் காட்டி உள்ளே கூப்பிடுங்கள். பழைய கொட்டகையின் காய்ந்த புழுக்கையில் ஒரு கூடை அள்ளிவந்து மூலையில் போட்டால் வாசனைக்கு அடங்கும் என்பது என் வழக்கம்.

உள்ளே கயிற்றில் கட்டாமல் அவிழ்த்தே விடுங்கள். புது இடம், இரவு, இடி. கயிறு கழியில் சுற்றினால் கழுத்து இறுகிவிடும். நைலான் நூலோ தார்ப்பாய்ப் பிசிறோ தொங்கினால் கடித்து விழுங்கும். அது செரிக்காமல் வயிற்றிலேயே உருண்டையாகத் தங்கிவிடும். முடிச்செல்லாம் வெளிப்பக்கமே இருக்கட்டும்.

நவம்பர் 17

மறுபடியும் காற்று எச்சரிக்கை என்றதால் ஒன்று சேர்க்கிறேன். தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும் என்று 10-ம் தேதி எழுதினேன். சாதாரண மழைக்காற்றுக்கு அது சரி. புயலின் கண் நேராக மேலே கடந்தால் காற்று சட்டென்று அடங்கி, கொஞ்ச நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அப்போது உயர்ந்த திறப்பு காற்றுக்கு நேராக நிற்கும். கூரைக்கு அடியில் காற்று புகுந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படி வருகிறது என்று சொன்னால் தார்ப்பாய்க் கொட்டிலை நம்பி ஆடுகளை விடவே கூடாது. தார்ப்பாயை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஆடுகளைக் கெட்டியான கட்டடத்துக்கு ஓட்டுங்கள். நடுவில் அமைதியானதும் முடிந்தது என்று வெளியே திறந்துவிடாதீர்கள்.

நவம்பர் 21

தரை நாற்றம் பற்றிக் கேட்டவருக்கு: மேலே புது வைக்கோலைப் பரப்பிக்கொண்டே போவது காய்ந்த நாட்களில் சரிப்படும். இப்போது அடியில் ஈரம் ஏறுகிறது. முழங்காலை வைக்கோலில் ஊன்றிப் பாருங்கள், துணி நனைந்தால் அடிவரை வாரி வெளியே கொட்டுங்கள். கொஞ்சம் சுண்ணாம்பு தூவி, காயவிட்டு, அப்புறம் புது வைக்கோல். ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும், குளம்புக்கு இடையில் அழுகலும் வரும். குளம்பைத் தூக்கி முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

மேய்ச்சலுக்கு விடுவதானால் பனி காய்ந்த பிறகு விடுங்கள். மழைக்குப் பிறகு புழுக்குஞ்சுகள் ஈரத்தோடு புல்நுனிக்கு ஏறி நிற்கும். கீழிமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய உள்தோல் வெளுத்திருந்தால் புழு ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும்.

நவம்பர் 26

சினை ஆடு மடி இறங்கிவிட்டதாம், கொட்டகையின் பூச்சு இன்னும் ஈரம், எங்கே ஈனவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இனச்சேர்க்கை தேதியைக் குறித்திருந்தால் 150 நாளை ஒட்டிக் கணக்குப் போடுங்கள். புதுப் பூச்சுக் கொட்டகைக்கு அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், தார்ப்பாய்க் கொட்டிலிலேயே ஈனட்டும். பழகிய இடம், பழகிய வாசனை. காற்றுப் படாத மூலையில் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குத் தடுத்து, புது வைக்கோலை முழங்கை ஆழத்துக்குப் போட்டு, மற்ற ஆடுகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விடுங்கள். தண்ணீர் வாளியை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், நின்றபடி ஈனும்போது குட்டி அதற்குள் விழுந்துவிடும். வெளியே மாட்டி, தலையை நீட்டிக் குடிக்கிற மாதிரி வையுங்கள். தொப்புளுக்கு அயோடினும், துவட்டக் காய்ந்த சாக்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.